ஆண்ட்ராய்டு போனில் டேட்டா மிச்சமாக: பயர்பாக்ஸும் ஒரு நீட்சியும்

ஆண்ட்ராய்டு போனில் செய்தித் தளங்கள் படிக்க மட்டும் பயர்பாக்ஸ் உலாவியை வைத்துக்கொண்டு, அதில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியை, அதாவது உலாவியோடு சேரும் சிறு கூடுதல் நிரலைச் சேர்த்துவிடுங்கள். டேட்டாவும் மிச்சம், பக்கமும் சட்டென்று திறக்கும். பயர்பாக்ஸில் மூன்று புள்ளி மெனு, அதில் எக்ஸ்டென்ஷன்ஸ், பட்டியலில் யூபிளாக் ஆரிஜின் பக்கத்தில் இருக்கும் கூட்டல் குறி, அவ்வளவுதான், செலவில்லை.

இந்த நீட்சி விளம்பரத்தை இறக்கிவிட்டு மறைப்பதில்லை. விளம்பர சர்வருக்குப் போகும் கோரிக்கையையே தடுத்துவிடுகிறது. அதனால் அந்தப் படமும் வீடியோவும் உங்கள் டேட்டாவைத் தொடுவதே இல்லை. படித்துக்கொண்டிருக்கும்போது விளம்பரம் நுழைந்து வரிகள் கீழே குதிப்பதும், விரல் தவறி அதன்மேல் படுவதும் பெரும்பாலும் நின்றுவிடும். ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சி சேர்க்கவே வழியில்லை என்பதால்தான் பயர்பாக்ஸைச் சொல்கிறேன்.

ஏதாவது ஒரு தளத்தில் பட்டன் வேலை செய்யவில்லை, பணம் கட்டும் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால், அதே மெனு வழியாக நீட்சியைத் திறந்து பெரிய பவர் பட்டனைத் தட்டிப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். அந்தத் தளத்துக்கு மட்டும் அது அணைந்திருக்கும். வங்கி வேலைக்குக் குரோமையே வைத்துக்கொள்வதிலும் தவறில்லை.

ஐபோனில் இது நடக்காது. அங்குள்ள பயர்பாக்ஸ் இந்த நீட்சியை ஏற்பதில்லை. யூடியூப் போன்ற தனிச் செயலிகளுக்குள் வரும் விளம்பரங்களையும் இது தொடாது.