பதிவேட்டில் பூஜ்ஜியம் என்றிருந்தால் பிள்ளை பத்திரமா? அமெரிக்கப் பள்ளிக் கண்காணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாற்றுத்திறன் மாணவர் ஒருவர் நிலைகொள்ளாமல் தவிக்கும்போது அவரை அமுக்கிப் பிடிப்பதும், தனியறைக்குள் விட்டு வெளியே வரவிடாமல் தடுப்பதும் அமெரிக்கப் பள்ளிகளில் இன்றும் நடக்கிறது. இதற்கென்று நாடு முழுமைக்கும் தனிச்சட்டம் கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். 2017-18 கல்வியாண்டில் இப்படி நடத்தப்பட்டவர்கள் சுமார் 1,02,000 பேர். அந்த ஆண்டு மொத்த மாணவர்களில் சிறப்புக்கல்வி பெறுவோர் 13 சதவீதம்தான். கையால் பிடித்து அடக்கப்பட்டவர்களிலோ அவர்கள் 80 சதவீதம்.

முதல் தவறு, பூஜ்ஜியத்தை நம்புவது. 2015-16இல் ஏறக்குறைய 70 சதவீதப் பள்ளி மாவட்டங்கள், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்கள், ஒரு சம்பவம்கூட இல்லை என்று மத்தியக் கல்வித்துறைக்கு எழுதிக் கொடுத்தன. வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டமும் அப்படித்தான் எழுதியது. 2017-18க்குத் தேடி எண்ணியபோது 1,600க்கு மேல் வந்தது. பூஜ்ஜியத்துக்கு விளக்கம் கேட்கும் விதி ஒரு லட்சத்துக்கு மேல் மாணவர்கள் உள்ள மாவட்டங்களுக்கு மட்டுமே இருந்தது. அதாவது, சுமார் 17,000 மாவட்டங்களில் 30க்கு. நடக்கவில்லை என்பதற்கும் யாரும் எண்ணவில்லை என்பதற்கும் ஒரே எண்தான். எனவே யார், எந்தப் படிவத்தில், எத்தனை மணி நேரத்துக்குள் எழுதுகிறார்கள் என்று கேளுங்கள். செவிலியர் அறைக் குறிப்பையும் ஊழியர் காயப் படிவத்தையும் அதோடு ஒத்துப்பாருங்கள். விடுபட்டவை அங்கே தெரியும்.

மாணவர் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதும் போதாது. மேரிலாந்தின் ஃபிரெடரிக் மாவட்டத்தில் மத்திய நீதித்துறை கண்டது இரண்டரைக் கல்வியாண்டில் 7,253 சம்பவங்கள். பிள்ளைகளோ 125 பேர். சராசரியாக ஒரு பிள்ளைக்கு 58 தடவை!

அறையின் பெயரில் ஏமாறாதீர்கள். "அமைதி அறை", "டைம் அவுட்" என்று எதுவும் எழுதியிருக்கலாம். பிள்ளை தனியாக, விருப்பமில்லாமல், வெளியேற முடியாதபடி இருந்தால் அது அடைத்துவைத்தல்தான். பூட்டு இருக்க வேண்டும் என்பதில்லை, கதவைக் காலால் முட்டுக்கொடுத்து நின்றாலும் அதேதான். உட்காரும் நிலைக்காக மருத்துவர் சொன்ன சக்கர நாற்காலிப் பட்டையை, பிள்ளை எழுந்து போகாமலிருக்க மாட்டினால் அது கருவியால் கட்டிவைத்தல்.

மிக ஆபத்தான தவறு ஒன்று உண்டு: "பேச முடிகிறதே, அப்படியானால் மூச்சும் விடுகிறான்" என்ற எண்ணம். குப்புறப் படுக்கவைத்து முதுகில் பாரம் கொடுத்தால் நெஞ்சு விரிய இடமில்லை. இரண்டு சொல் பேசக் காற்று இருந்தாலும் உயிர்வாழப் போதாமல் போகலாம். கையசைவால் பேசும் பிள்ளைக்கோ, கையைப் பிடித்த அந்த நொடியே குரல் போய்விடுகிறது. மத்தியக் கல்வித்துறையின் 2012 வழிகாட்டுதல் குப்புற அழுத்துவதையும் மூச்சைத் தடுக்கும் எந்தப் பிடியையும் கூடாது என்கிறது. உடலுக்குக் கடும் தீங்கு உடனடியாக நேரவிருந்தால் மட்டுமே பிடிக்கலாம். அந்த ஆபத்து நீங்கியதும் விட்டுவிட வேண்டும்.

"ஆக்ரோஷமானான், பாதுகாப்புக்காகப் பிடித்தோம்" என்று எழுதிய அறிக்கையை ஏற்காதீர்கள். அதற்கு முன்னால் என்ன நடந்தது, சத்தமா, இடமாற்றமா, புரியாத வேலையா? வேறென்ன முயன்றார்கள்? எந்தப் பிடி, யார் பிடித்தது, மூச்சைக் கவனித்தது யார், தொடங்கிய நிமிடம், விட்ட நிமிடம், இவை எல்லாம் வேண்டும்.

பெற்றோர் செய்யும் தவறு, சிறப்புக்கல்வி பெறும் பிள்ளைக்கென்று எழுதப்படும் தனிக் கல்வித் திட்டத்தில், அதாவது ஐ.இ.பி.யில், "தேவைப்பட்டால் பிடிக்கலாம்" என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்திடுவது. ஆங்கிலம் தடையென்றால், அந்தத் திட்டத்தைப் பேசி முடிவுசெய்யும் கூட்டத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை. கல்வித்துறையின் சிவில் உரிமைகள் அலுவலகத்துக்குப் புகார் அனுப்ப, சம்பவ நாளிலிருந்து 180 நாள்தான் அவகாசம். பள்ளியோடு பேசிக்கொண்டே இருந்தால் அந்த நாள்கள் கரைந்துவிடும். இரண்டாம் முறை நடந்தாலே, நடத்தைக்கான காரணத்தை ஆராயும் மதிப்பீட்டைப் புதிதாகச் செய்யும்படி எழுத்தில், தேதியிட்டுக் கேளுங்கள்.