ஆசிரியர்களுக்கு மூடுல் பயிற்சி: எங்கே சறுக்குகிறோம்?

மூன்று நாள் எஃப்.டி.பி. (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி) போட்டு, பாடங்களையும் தேர்வுகளையும் இணையத்தில் நடத்த உதவும் மூடுல் மென்பொருளைக் கல்லூரி ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். முன்னால் புரொஜெக்டர், "இப்ப எல்லாரும் இதை கிளிக் பண்ணுங்க" என்று ஒரு குரல். மூன்றாவது கிளிக்கிலேயே பாதிப் பேர் வேறெங்கோ நிற்பார்கள். நானும் அப்படித்தான் நடத்திக்கொண்டிருந்தேன். 2002-இல் மூடுலை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமாஸ் அதன் முதல் பதிப்பை வெளியிட்ட கதையைச் சொல்லியே அரை மணி நேரம் ஓட்டியிருக்கிறேன். யாருக்கு வேண்டும் அது?

இருப்பதிலேயே பெரிய தவறு, 'டெஸ்ட் கோர்ஸ் 1' என்று ஒன்றைத் திறந்து அதில் எதையாவது ஏற்றிப் பழக்குவது. வீட்டுக்குப் போனதும் அது மறந்துவிடும். வரலாற்றுத் துறைப் பேராசிரியைக்கு பைதான் நிரல்மொழி வினாடிவினாவைக் காட்டி என்ன பயன்? சிலபஸையும் பழைய வினாத்தாள்களையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். வரும் செமஸ்டரில் அவர் எடுக்கப்போகும் தாளில் ஒரு யூனிட்டாவது பயிற்சியிலேயே தயாராகிவிட வேண்டும்.

அப்புறம் இன்னொரு தவறு, ஆசிரியருக்கான லாகின் கணக்கிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்பது. மூடுலில் வினாடிவினா அமைப்பை மாற்றாமல் விட்டால், எழுதி முடித்த உடனேயே மாணவருக்குச் சரியான விடைகள் தெரியும். முதலில் முடித்தவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதும், வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கே விடை போய்விடும். 'ரிவ்யூ ஆப்ஷன்ஸ்' பகுதியில், தேர்வு மூடிய பிறகே விடை தெரியும்படி மாற்ற வேண்டும். முடிவு நேரத்தையும் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் தேர்வு மூடவே மூடாது, விடையும் கடைசிவரை தெரியாது. இதையெல்லாம் வாயால் சொன்னால் பதியாது. ஆளுக்கொரு மாணவர் கணக்கும் கொடுத்து, பக்கத்தில் இருப்பவரின் தேர்வை எழுத வைக்கலாம். அதுவும் செல்போனில், ஏனென்றால் பிள்ளைகள் அதில்தான் எழுதப்போகிறார்கள்.

லேப் பொறுப்பாளரிடம் முதல் நாளே இரண்டு வேலை சொல்லிவிடுங்கள். சிஎஸ்வி கோப்பு (பெயர்ப் பட்டியலை வரிவரியாகக் கொண்ட எளிய கோப்பு) வழியாக எல்லாருடைய கணக்கையும் ஒரேயடியாக உருவாக்கி வைக்க வேண்டும். இல்லையென்றால் முதல் ஒரு மணி நேரம் பாஸ்வேர்டுக்கே போகும். சர்வரில், மூடுல் ஓடும் பிஎச்பி நிரல்மொழியின் கோப்புப் பதிவேற்ற வரம்பு 2 எம்.பி.யிலேயே நிற்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். படங்கள் நிறைந்த பிபிடி ஒன்றுகூட ஏறாமல், "இது நமக்குச் சரிப்படாது" என்று மூத்த ஆசிரியர் கையை விரித்துவிட்டால் அறையே அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

வருகைப்பதிவை மட்டும் பார்த்துச் சான்றிதழ் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். யூனிட் திறந்திருக்க வேண்டும், அதில் ஒருவராவது தேர்வு எழுதியிருக்க வேண்டும், அப்புறம்தான் சான்றிதழ். கொஞ்சம் முணுமுணுப்பு வருகிறது, வரட்டும்.