தூத்துக்குடியில் கப்பல் நிற்கும் ஒரே நாளில் மதுரை போய் வருவது எப்படி?

கப்பல் சுற்றுலாவில் வருகிற சொந்தக்காரர்கள் பயணத் திட்டத்தில் தூத்துக்குடி என்று பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "அப்படியே மதுரைக்கு வந்துட்டுப் போகலாமா?" என்பதுதான். வரலாம். துறைமுகத்திலிருந்து மதுரை சுமார் 150 கிலோமீட்டர். ஆனால் அன்றைய பொழுது உங்கள் கையில் இல்லை. மீனாட்சி அம்மன் கோயில் நடையை மதியம் 12.30-க்குச் சாத்திவிட்டு 4 மணிக்குத்தான் திறப்பார்கள். மாலையில் இத்தனை மணிக்குள் ஏறிவிட வேண்டும் என்று கப்பலில் ஒரு நேரம் சொல்வார்கள். இந்த இரண்டு நேரங்களுக்கும் கட்டுப்பட்டுத்தான் நீங்கள் மதுரையைப் பார்க்க முடியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் அக்காவும் மாமாவும் பிள்ளைகளோடு அப்படி வந்தார்கள். அக்கா அம்மனைப் பார்த்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. வழியில் சாவகாசமாக டிபன் சாப்பிட்டோம், தெற்குவாசல் நெரிசலில் நின்றோம், செல்போனைக் கொடுத்து டோக்கன் வாங்க வரிசையில் நின்றோம். உள்ளே போனபோது சன்னதிக்குப் போகும் வரிசையை அடைத்துவிட்டார்கள். மணி 12.20. நாலு மணி வரை காத்திருந்தால் கப்பல் போய்விடும். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து சித்திரை வீதியில் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினாள். அவளுக்கு நேர்ந்தது வேறு யாருக்கும் நேரக் கூடாது. அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

1. நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று யோசிப்பதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். கப்பலில் கடைசியாக ஏற வேண்டிய நேரத்தை முதலில் எழுதுங்கள். கப்பல் புறப்படும் நேரம் வேறு, ஏற வேண்டிய நேரம் வேறு. பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே ஏறச் சொல்லிவிடுவார்கள்.

கப்பல் இரவு 7 மணிக்குப் புறப்படுகிறது, 6 மணிக்குள் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒன்றரை மணி நேரத்தைத் தொடவே கூடாத நேரமாகக் கழித்துவிடுங்கள். டயர் பஞ்சர், லாரி மறியல், பிள்ளைக்கு வாந்தி, எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆக, 4.30-க்குத் துறைமுக வாசலில் இருக்க வேண்டும். சாலைக்கு மூன்று மணி நேரம் என்றால் மதுரையை விட்டு 1.30-க்குக் கிளம்பியாக வேண்டும்.

இப்போது முன்னாலிருந்து பாருங்கள். கப்பல் காலை 6 மணிக்கு நின்று, சோதனை முடிந்து 7.30-க்கு நீங்கள் காரில் இருந்தால் 10.30 வாக்கில் மதுரை. கையில் மூன்று மணி நேரம் இருக்கிறது. அம்மனைப் பார்க்க, சுற்றி வர, சாப்பிட அது போதும்.

கப்பல் பத்து மணி நேரத்துக்குக் குறைவாக நிற்கிறதா? மதுரையை விட்டுவிடுங்கள். நாளெல்லாம் காரில் உட்கார்ந்து, பதற்றத்தோடு கோபுரத்தை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு ஓடுவதில் என்ன இருக்கிறது? பக்கத்தில் பாஞ்சாலங்குறிச்சி இருக்கிறது, வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரம் இருக்கிறது, பாரதி பிறந்த எட்டயபுரம் இருக்கிறது. கோயில்தான் வேண்டும் என்றால் திருச்செந்தூர் 40 கிலோமீட்டர்தான். கடலோரத்திலேயே முருகன்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் ஆளைக் கவிழ்த்துவிடும். கப்பலில் ஓடும் நேரமும் கரையில் ஓடும் நேரமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். கொழும்பிலிருந்து வந்தால் பிரச்சினை இல்லை, அங்கேயும் நம் நேரம்தான். மாலத்தீவு அரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். செல்போன் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும், கப்பல் கடிகாரத்தை அவர்கள் மாற்றினால்தான் உண்டு. இறங்கும்போது வாசலில் நிற்பவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

2. காகிதங்கள்

இந்திய பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு விசா கப்பல் ஏறும் முன்னரே கையில் இருக்க வேண்டும். இணையத்தில் எடுக்கிற இ-விசா எல்லாத் துறைமுகத்திலும் செல்லாது. குறிப்பிட்ட சில வாசல்கள் வழியாக மட்டும்தான் நுழைய முடியும். உங்கள் கப்பல் இந்தியாவில் முதலில் தொடும் துறைமுகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நம்மவர்களுக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

பாஸ்போர்ட்டைக் கப்பலில் வாங்கி வைத்துக்கொண்டால் நகலாவது கையில் இருக்கட்டும். கப்பல் அட்டை, துறைமுகத்தில் அந்தக் கப்பலுக்கான முகவரின் தொலைபேசி எண், இரண்டும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். முகவரின் எண்ணை முதல் நாள் இரவு அறைக்கு வரும் அறிவிப்புத் தாளில் பாருங்கள். இல்லாவிட்டால் வரவேற்பு மேசையில் கேளுங்கள்.

3. கப்பல்காரர்களின் வண்டியா, நம் காரா?

கப்பல் நிறுவனமே மதுரைக்குப் பேருந்து ஏற்பாடு செய்தால், தாமதமானாலும் அவர்களுக்காகக் கப்பல் நிற்கும். நீங்களாகப் போனால் நிற்காது. முதல் முறை வருகிறவர்கள், ஊரில் யாரையும் தெரியாதவர்கள், காசு கூடினாலும் அந்தப் பேருந்திலேயே போங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: நடை சாத்துவதற்கு முன்னால் போய்ச் சேருமா?

சொந்தமாகப் போனால் கார்தான். ரயில் மணியாச்சி, கோவில்பட்டி, விருதுநகர் என்று சுற்றிக்கொண்டு வரும், வண்டி நேரமும் ஒத்துவராது. பஸ் நிறைய உண்டு, ஆனால் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து கோயிலுக்கு ஆட்டோ பிடித்து வருவதற்குள் அரை மணி போய்விடும்.

காரை முதல் நாளே பேசிவிடுங்கள். டோல், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று ஒரே தொகையாகக் கேளுங்கள். துறைமுகம் பாதுகாப்பு வளையத்துக்குள் இருக்கிறது, வாடகைக் கார் நினைத்தபடி உள்ளே வர முடியாது. வாசலுக்கு வெளியே நிற்கச் சொல்லுங்கள். கப்பலிலிருந்து வாசல் வரை வண்டி விடுவார்கள், அதில் வாருங்கள். 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் விட்டது இந்த ஊரிலிருந்துதான். இன்று துறைமுகத்துக்கே அவர் பெயர். வாசலைத் தாண்டும்போது பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள்.

4. போகிற வழி

எட்டயபுரம், பந்தல்குடி, அருப்புக்கோட்டை வழியாக நான்குவழிச் சாலை. புதூர் பாண்டியாபுரத்திலும் எலியார்பத்தியிலும் டோல்கேட். கரிசல் காடு இரண்டு பக்கமும் விரிந்து கிடக்கும், ஆங்காங்கே சீமைக்கருவேலம், அவ்வளவுதான். காலைச் சாப்பாட்டைக் கப்பலிலேயே முடித்துவிடுங்கள். வழியில் ஒரே ஒரு டீ, பத்து நிமிடம். எங்களைக் கவிழ்த்தது அருப்புக்கோட்டை டிபன்தான்.

பெருங்குடியில் விமான நிலையத்தைத் தாண்டி, அவனியாபுரம், வில்லாபுரம், தெற்குவாசல் என்று ஊருக்குள் நுழைவீர்கள். தைப்பொங்கல் அன்று உங்கள் கப்பல் வந்தால் கவனம். அவனியாபுரம் ஜல்லிக்கட்டு அன்றுதான், அந்தச் சாலையிலேயே போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் ஒரு நாள் கணக்கோடு வராதீர்கள், கூட்டத்துக்குள் நேரம் என்பதே இல்லை. வெள்ளிக்கிழமையும் கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வரும் காலமும் வரிசை நீளம். அப்போது மற்றதை எல்லாம் விட்டுவிட்டுக் கோயில் மட்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

5. கோயில்

சித்திரை வீதிகளுக்குள் கார் போகாது. மாசி வீதியில் இறங்கி நடக்க வேண்டும். இறங்கும் இடத்தில் எதிரே என்ன கடை இருக்கிறது என்று பார்த்து வையுங்கள், செல்போனை ஒப்படைத்துவிட்டால் டிரைவரைக் கூப்பிட முடியாது. திரும்பும் நேரத்தையும் அவரிடம் வாயால் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, ஒரு மணிக்கு இதே இடம்."

2018 பிப்ரவரியில் கோயிலுக்குள் தீப்பிடித்ததற்குப் பிறகு, செல்போன் கொண்டுபோக அனுமதி இல்லை. வாசல் பக்கத்தில் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தருவார்கள். ஆளுக்கொரு போனோடு வரிசையில் நிற்பதைவிட, எல்லாருடைய போனையும் காரில் டிரைவரிடம் விட்டுவிட்டு வருவது நல்லது. கோபுரத்தை வெளியிலிருந்து படம் எடுத்துக்கொண்டு, அப்புறம் கொடுங்கள். கைக்கடிகாரம் ஒருவராவது கட்டியிருக்க வேண்டும்.

அரைக்கால் சட்டை ஆகாது. ஆண்களுக்கு வேட்டி அல்லது பேண்ட், பெண்களுக்குப் புடவை அல்லது சுடிதார். கப்பலிலிருந்தே அப்படி உடுத்திக்கொண்டு இறங்குங்கள். இந்து அல்லாத நண்பர்கள் உடன் வந்தால் பிராகாரங்களைப் பார்க்கலாம், சன்னதிக்குள் போக முடியாது. இதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

நாலு பக்கமும் கோபுரம், புதிதாக வருகிறவர்களுக்கு எல்லாம் ஒன்று போலவே தெரியும். கிழக்கே செருப்பை விட்டுவிட்டு மேற்கே வெளியே வந்து, வெயிலில் வெறுங்காலோடு ஒரு சுற்று சுற்றுகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். நுழைந்த வாசலிலேயே வெளியே வாருங்கள்.

அஷ்டசக்தி மண்டபத்து வாசலுக்கு வெளியே பூக்காரம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை மல்லிகையை இழுத்து அளந்து, கேட்காமலே ஒரு சாண் கூட விட்டு, நாரைப் பல்லால் கடித்து அறுத்துக் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு உள்ளே போங்கள். மதுரையில் முதலில் அம்மன், பிறகுதான் சுவாமி. நேரம் 11.15-ஐத் தாண்டிவிட்டால் யோசிக்காமல் கட்டணத் தரிசன வரிசைக்குப் போய்விடுங்கள்.

தரிசனம் முடிந்ததும் பொற்றாமரைக் குளத்துப் படியில் பத்து நிமிடமாவது உட்காருங்கள். அங்கிருந்து தெற்குக் கோபுரம் தெரியும், சுமார் 170 அடி, இருப்பதிலேயே உயரம் அதுதான். சித்தப்பா போன தையில் வந்தபோது ஒன்றும் பேசாமல் அந்தப் படியிலேயே இருந்தார். எழுந்தவர், "இது போதும்டா, வேற எங்கயும் வேணாம்" என்றார். அவ்வளவு தூரம் வந்தவருக்கு வேண்டியது அதுதான் என்று எனக்கும் அப்போதுதான் புரிந்தது. நேரம் மிச்சமிருந்தால் முக்குறுணி விநாயகர், ஆயிரங்கால் மண்டபம். 985 தூண்கள்.

6. சாப்பாடும் மிச்ச நேரமும்

கோயிலைச் சுற்றி நடக்கிற தூரத்திலேயே வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். முக்கால் மணிக்குள் முடியுங்கள். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்காமல் யாரும் கிளம்ப மாட்டார்கள். சுண்டிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். நின்றுகொண்டே குடித்துவிடலாம்.

திருமலை நாயக்கர் மகால் கோயிலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். கப்பல் இரவு 9 மணிக்கு மேல் கிளம்பினால் மட்டும் அதைச் சேருங்கள். ஒருவேளை நடை சாத்திய பிறகு வந்து சேர்ந்தீர்கள் என்றால், வெறுங்கையோடு திரும்ப வேண்டாம், நேராக மகாலுக்குப் போங்கள். 1636-இல் கட்டியது. அந்தத் தூண்களுக்குக் கீழே நின்றால் பிள்ளைகள் வாயைப் பிளந்துவிடுவார்கள்.

7. திரும்புதல்

1.30 என்றால் 1.30. "இன்னும் ஒரே ஒரு சுங்குடிப் புடவை" என்று யாராவது சொல்வார்கள். சுங்குடியைத் தபாலில் அனுப்பச் சொல்லி நம்மூர் ஆட்களிடம் விட்டுவிடுங்கள். திரும்பும்போது எங்கேயும் நிறுத்தாதீர்கள். சீக்கிரம் போய்விட்டால் அந்த நேரத்தில் தூத்துக்குடியில் மக்ரூன் வாங்கலாம்.

வழியில் ஏதாவது ஆகி, நேரத்துக்குப் போக முடியாது என்று தெரிந்த அந்த நிமிடமே முகவருக்குப் போன் செய்யுங்கள். கடைசி வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். கப்பல் போய்விட்டால், உங்கள் பாஸ்போர்ட்டைப் பெரும்பாலும் முகவரிடம் விட்டுவிட்டுத்தான் போவார்கள். அடுத்த துறைமுகம் கொழும்பு என்றால் மதுரையிலிருந்தே விமானம் இருக்கிறது. அந்த நாட்டு விசா மட்டும் வேண்டும். செலவு உங்களுடையது.

கப்பலில் ஏறியதும் மதுரைக்கு ஒரு போன் போட்டு, "ஏறிட்டோம்" என்று சொல்லிவிடுங்கள். அதுவரை இங்கே இருக்கிறவர்களும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.