டெண்டெரா ராசி வட்டத்தைப் படிப்பது எப்படி: தொடக்க நிலையினருக்கான செய்முறை

மேஷம் முதல் மீனம் வரையிலான பன்னிரண்டு ராசிகள் பாபிலோனில் உருவாகிப் பிற நாடுகளுக்குப் பரவின என்பதைப் பல கட்டுரைகள் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகின்றன. அந்தப் பயணத்தின் சுவடுகளை ஒரு கல்லிலிருந்து நாமே படித்தறிய முடியும். எகிப்தின் டெண்டெராவில், ஹாத்தோர் கோயிலின் மேல்தளத்தில் ஒசிரிஸ் என்ற எகிப்தியத் தெய்வத்துக்கான சிற்றறை ஒன்றின் கூரையாக இருந்த அந்த வட்டச் சிற்பம், 1821இல் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பிரான்சுக்குக் கொண்டு செல்லப்பட்டது. இப்போது அது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டெண்டெராவில் இருப்பது அதன் நகல். அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 50.

தேவையானவை

பெரிதாக்கிப் பார்க்கத்தக்க ஒரு தெளிவான ஒளிப்படமும், 19ஆம் நூற்றாண்டில் வரையப்பட்ட கோட்டோவியம் ஒன்றும் வேண்டும். வண்ணம் தீட்டி விற்கப்படும் சுவரொட்டிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். தேய்ந்த இடங்களை வரைந்தவரின் கற்பனை நிரப்பியிருக்கும், நமக்கு வேண்டிய நுணுக்கங்களோ அத்தகைய இடங்களில்தான் இருக்கும். கோட்டோவியத்தை ஏ3 தாளில் அச்சிட்டு, இரண்டு வண்ணப் பென்சில்களுடன் அமருங்கள். திரையில் பார்ப்பதைவிடத் தாளில் குறிப்பதே சிறந்தது.

படி 1: நடுவிலிருந்து தொடங்குங்கள்

விளிம்பில் வரிசையாக நடக்கும் உருவங்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவை பத்து நாள்களுக்கு ஒன்றாக எகிப்தியர் வகுத்த 36 விண்மீன் தொகுதிகள். வட்டத்தின் நடுவில் நிமிர்ந்து நிற்கும் நீர்யானையும், அதனருகில் காளையின் முன்னங்கால் ஒன்றும் தெரியும். அந்தக் கால்தான் நம் சப்தரிஷி மண்டலம். இவை வட வானத்துக்குரிய எகிப்தின் பழைய உருவங்கள். பாபிலோனுக்கு இவற்றில் பங்கில்லை.

படி 2: ஐயமில்லாத ராசிகளைக் குறியுங்கள்

தேள், தராசு, காளை, நாடாவால் இணைந்த இரு மீன்கள் ஆகியவற்றை முதலில் குறித்தால் வரிசை செல்லும் திசை தானாகவே விளங்கும். நம் ஊர் ஜாதகக் கட்டத்தில் மேஷத்துக்கு நிலையான இடம் உண்டு. இங்கே அப்படி எதுவும் இல்லை, படமும் வெளியீட்டுக்கு வெளியீடு திருப்பி வைக்கப்பட்டிருக்கும். ஆகவே மேல், கீழ், இடம், வலம் என்று தேடாமல், ஒரு ராசிக்கு அடுத்தது எது என்ற முறையிலேயே தேடுங்கள்.

படி 3: கடகத்தைத் தேடுதல்

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்த இடம் இதுதான். மிதுனத்துக்கும் சிம்மத்துக்கும் நடுவே நண்டு இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் அங்கே கிடைக்காது. பன்னிரண்டு ராசிகளும் சீரான வட்டமாக அமையாமல், சுருள்போல் உள்நோக்கி வளைவதால், கடகம் சிங்கத்தின் தலைக்கு மேல், வட்டத்தின் மையத்தை நோக்கித் தள்ளி அமர்ந்திருக்கிறது. எகிப்தின் வேறு சில ராசிப் படங்களில் நண்டுக்குப் பதிலாக வண்டு செதுக்கப்பட்டிருப்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 4: சிங்கத்தின் காலடியைப் பாருங்கள்

இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். சிங்கம் நிற்பது தரையில் அன்று, நீண்ட பாம்பின் மேல். அந்தப் பாம்பின் வாலில் ஒரு பறவை. சிங்கத்தின் வாலைப் பிடித்தபடி நிற்கும் பெண்ணைக் கன்னி ராசி என்று குறித்துவிடாதீர்கள். அவளுக்குப் பின்னால் கையில் தானியக் கதிருடன் வருபவளே கன்னி.

இப்போது பாபிலோன் அமைந்திருந்த மெசொப்பொத்தேமியாவின் உருக் நகரில், கிரேக்க மன்னர்களின் ஆட்சிக் காலத்தில் எழுதப்பட்ட களிமண் பலகை ஒன்றின் படத்தைத் தேடியெடுங்கள். உடைந்த அதன் ஒரு பகுதி பெர்லினிலும் மற்றொரு பகுதி லூவரிலும் உள்ளன. முதல் துண்டில் பாம்பின் மேல் நிற்கும் சிங்கம். அடுத்த துண்டில் பாம்பின் வாலைக் கொத்தும் காகமும், கதிரேந்திய பெண்ணும். சிங்கம், பாம்பு, பறவை, கதிர் என்ற நான்கும் அதே வரிசையில் நைல் நதிக்கரைக் கோயிலின் கூரையில் வந்திருப்பதைத் தற்செயல் என்று கொள்ள என்னால் இயலவில்லை. ராசியின் பெயரை வாய்மொழியாகக் கேட்டவர் சிங்கத்தை மட்டும் செதுக்கியிருப்பார்; பாம்பின் வாலில் பறவையையும் செதுக்கியவர் கைக்கு ஒரு மாதிரிப் படம் வந்திருக்க வேண்டும்.

படி 5: இரு வண்ணங்களில் பிரியுங்கள்

பாபிலோனிலிருந்து மாறாமல் வந்தவற்றை ஒரு வண்ணத்திலும், எகிப்தில் உடை மாற்றிக்கொண்டவற்றை மற்றொன்றிலும் தீட்டுங்கள். தனுசு முதல் வகை: குதிரை உடலுடைய வில்லாளிக்குச் சிறகுகளும், பின்புறம் நோக்கும் விலங்கு முகமும் இருக்கின்றன. கிரேக்கரின் வழக்கமான வில்லாளிக்கு இவை கிடையா, கி.மு. 12ஆம் நூற்றாண்டுப் பாபிலோனிய எல்லைக் கற்களில் சிறகுடைய வில்லாளியைக் காணலாம். மகரமும் அவ்வாறே; முன்பாதி ஆடு, பின்பாதி மீன் என்ற அந்த வடிவம் ஈயா என்ற பாபிலோனிய நீர்க்கடவுளின் சின்னம்.

கும்பம் இரண்டாம் வகை. இரு குடங்களிலிருந்து நீர் வார்ப்பவர் நைல் வெள்ளத்தின் தெய்வமான ஹாப்பியின் கோலத்தில் நிற்கிறார். மிதுனமும் மாறிவிட்டது: பாபிலோனில் ஆயுதம் தாங்கிய இரட்டை ஆடவர், இங்கே கைகோத்த ஆணும் பெண்ணும். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருஹத் ஜாதகம் என்ற சோதிட நூலில் மிதுனத்தைக் கதாயுதம் ஏந்திய ஆணும் வீணையேந்திய பெண்ணுமாகவே வருணிக்கிறார். நம் பஞ்சாங்கங்களில் காணும் மிதுனம் பாபிலோனைவிட இந்த எகிப்திய இணைக்கே நெருக்கமானது.

படி 6: கிரகங்கள்

கையில் கோலுடன் நடக்கும் ஐந்து உருவங்கள் ராசிகளுக்கிடையே இருக்கின்றன. அவற்றுள் எளிதில் அகப்படுவது செவ்வாய்: பருந்துத் தலையுடன் மகரத்தின் முதுகின்மேல் நிற்கிறது. செவ்வாய்க்கு மகரம் உச்ச வீடு என்பதை ஜாதகம் பார்க்கும் எவரும் அறிவர். இவ்வுச்ச இடங்கள் பாபிலோனியர் ஏற்கெனவே வகுத்தவை. அங்கும் குருவுக்குக் கடகம், சனிக்குத் துலாம், சுக்கிரனுக்கு மீனம், புதனுக்குக் கன்னி. வட்டத்திலும் கிரகங்கள் உச்ச வீடுகளை ஒட்டியே நிற்கின்றன என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு, கி.மு. 50ஆம் ஆண்டுக் கோடையின் உண்மையான வான நிலை இது என்று கணக்கிட்டவர்களும் உண்டு.

பிற்சேர்க்கை

இரண்டாவது கருத்தை எந்த நாளின் வானத்தையும் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் சோதித்த வாசகர்கள் சிலர், கிரகங்கள் பொருந்தவே இல்லை என்று எழுதியிருந்தார்கள். ஆண்டுக் கட்டத்தில் −50 என்று இட்டதே காரணம். வானியல் கணக்கில் சுழியம் என்ற ஆண்டு உண்டு, கி.மு. 1 என்பதே அந்தச் சுழியம். ஆகவே கி.மு. 50க்கு −49 என்று இடுங்கள். இடமாக டெண்டெராவையும், மாதமாக சூலை அல்லது ஆகஸ்டையும் வைத்து, முதலில் செவ்வாயைத் தேடுங்கள்.