ஒரே ஃபேன், இரண்டு பேர்

ஒருவருக்குப் புழுக்கம், இன்னொருவருக்குக் குளிர் என்றால், கட்டிலை சீலிங் ஃபேனுக்கு நேர் நடுவில் போடாதீர்கள். புழுக்கம் தாங்காதவர் படுக்கும் பக்கம் ஃபேனுக்கு அடியில் வரும்படி ஓர் அடி, ஒன்றரை அடி நகர்த்துங்கள். போர்வையும் ஆளுக்கொன்றாக இருக்கட்டும். ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை, வியர்வையை உலர்த்தித்தான் உடம்புக்குக் குளுமை தருகிறது. இறக்கைகளுக்குக் கீழே காற்று வேகமாக இருக்கும், தள்ளிப் போகப் போகக் குறையும். ரெகுலேட்டரை 5-க்கும் 2-க்கும் மாற்றி மாற்றித் திருகும் நள்ளிரவுச் சண்டையும் இருக்காது.

ஆனால் யாருக்குக் குளிருகிறது என்று உண்மையைச் சொல்ல வேண்டும். "ஆம்பளைக்கு என்ன குளிரு" என்று வீறாப்பாகப் படுத்துவிட்டு, விடியற்காலை 3 மணிக்கு மனைவியின் போர்வையை இழுப்பவருக்கு (நம்மில் நிறையப் பேர்) இது உதவாது. கட்டிலை நகர்த்த இடமில்லாத அறை என்றால், சரி, டேபிள் ஃபேன்தான்.