இரண்டு கைகளிலும் அளந்து பாருங்கள்

என் தங்கைக்கு 26 வயது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் கொடியில் துணி உலர்த்தக் கையைத் தூக்கினால் இடக்கை சோர்ந்து விழுந்துவிடும். அதற்கு முன்பே பல மாதங்களாக மெல்லிய காய்ச்சல், மூட்டுவலி, உடல் மெலிவு. ஒரு கிளினிக்கில் இடக்கையில் மட்டும் குருதி அமுக்கம் பார்த்துவிட்டு, குறைவாக இருக்கிறது, உப்பைக் கூட்டுங்கள் என்று அனுப்பினார்கள். பிறகு வேறோர் இடத்தில், இடது மணிக்கட்டில் நாடித்துடிப்பு அகப்படாத ஒரு தாதி வலக்கையிலும் அளந்தார். மேல் எண் இடக்கையில் 92, வலக்கையில் 148. அந்தப் பெண்ணை நான் நினைக்காத நாளில்லை.

நோயின் பெயர் தகயாசு நாடி அழற்சி. 1908இல் இதன் கண் பாதிப்பை விவரித்த ஜப்பானியக் கண் வைத்தியரின் பெயர் அது. இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுபோகும் பெருநாடியிலும் அதன் கிளைகளிலும் சுவர் அழன்று தடித்து, குருதி ஓடும் வழி ஒடுங்கிவிடுகிறது. பெரும்பாலும் 40 வயதுக்குட்பட்ட பெண்களுக்கே வருகிறது.

வீட்டில் அளக்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவையுங்கள். கை மேசைமேல், நெஞ்சின் மட்டத்தில் இருக்கட்டும். ஒரு கை முடிந்ததும் மறு கை. கொப்பியில் திகதி, எண், எந்தக் கை என்று மூன்றையும் எழுதுங்கள். கையைக் குறிக்காத எண்ணால் பயனில்லை. நாடி ஒடுங்கிய பக்கம் குறைத்தே காட்டும். கூடிய எண்ணைத்தான் நம்ப வேண்டும். இரு கைகளிலும் நாடி ஒடுங்கியவர்களுக்குக் காலில் அளக்க நேரிடும். மேல் எண்ணில் 10க்கு மேற்பட்ட வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் வைத்தியரிடம் கொப்பியைக் காட்டுங்கள்.

அழற்சியைக் காட்டும் குருதிப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. சரியாக இருக்கிறதென்று மட்டும் ஆறுதல் அடையாதீர்கள். அவை சரியாக இருக்கும்போதே நோய் உள்ளே நடக்கலாம். ஸ்கேன் திகதியைத் தவறவிடக் கூடாது.

அழற்சியைத் தணிக்கும் ஸ்டெரோய்ட் குளிசையான பிரெட்னிசோலோன் தொடங்கியதும் தங்கையின் முகம் உப்பியது. உறவுக்காரர்கள் குளிசையை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தவே கூடாது, திடீரென விட்டால் உயிருக்கே ஆபத்து. வைத்தியர்தான் படிப்படியாகக் குறைப்பார். இந்த நோய்க்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான மெதொட்ரெக்ஸேட் எடுக்கும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது என்பதைக் கலியாணம் பேசும் வீட்டார் வெட்கப்படாமல் கேட்டறிய வேண்டும்.

பேச்சுக் குழறினால், பார்வை மறைந்தால், ஒரு பக்கம் செயலிழந்தால், நெஞ்சு வலித்தால் உடனே 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். வருபவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது, எந்தக் கையில் அளக்க வேண்டும் என்பதை.