மாஸ்டர் பட்டம் போனபிறகு மறுபடி வாய்ப்பு தேடுவது எப்படி

7 வயதில் குழந்தை நடிகனாகச் சீரியலுக்கு வந்தேன், டைட்டிலில் பெயருக்கு முன்னால் 'மாஸ்டர்' என்று போடுவார்கள். மீசை அரும்பியதும் போன் வருவது நின்றது. இப்போது சாலிகிராமத்தில் டப்பிங் பேசுகிறேன், அவ்வப்போது நடிக்கிறேன். "அண்ணே, மறுபடி எங்கேயிருந்து தொடங்குறது?" என்று கேட்கும் தம்பி தங்கச்சிகளுக்காக இது.

ப்ராம்ப்டிங்கை மறப்பதிலிருந்து தொடங்குங்கள். செட்டில் உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வசனத்தை எடுத்துக்கொடுப்பார், நாம் துண்டு துண்டாகத் திருப்பிச் சொல்வோம். நான் ஆறு வருஷம் அப்படியே ஓட்டினேன். 19 வயதில் வடபழனியில் ஒரு ஆடிஷன். ஒரு பக்க வசனம், படிக்க அரை மணி நேரம். முதல் வரியைச் சொல்லிவிட்டேன். அடுத்த வரிக்கு என் காது தானாகக் கேமராவுக்குப் பக்கவாட்டில் போனது. அங்கே ஃபேன் சத்தம்தான். "தம்பி, எதுக்கு நிக்கிறீங்க?" என்றார்கள்.

அதன்பிறகு ஒரு பழக்கம் பிடித்தேன். முதலில் எதிராளியின் வசனத்தை மனப்பாடம் செய்வேன். நம் வசனம் அதற்குப் பதில்தானே, ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வீட்டில் யாரையாவது எதிராளியின் வரிகளை உணர்ச்சியே இல்லாமல் படிக்கச் சொல்லுங்கள். போனை அலமாரியில் சாய்த்து வைத்துப் பதிவு செய்யுங்கள். கண் எங்கே ஓடுகிறது என்று மட்டும் பாருங்கள், மூன்று மாதம்.

பழைய போட்டோ ஆல்பத்தை வீட்டிலேயே வையுங்கள். "அந்தக் குட்டிப் பையனா நீ!" என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். கிள்ளியவர் ஒருவர்கூட எனக்கு வேஷம் தந்ததில்லை. மேக்கப் இல்லாத இன்றைய முகம், உயரம், பேசும் மொழிகள், ஒரு நிமிட வீடியோ போதும்.

இடைவெளியில் சும்மா இருக்காதீர்கள். 1960இல் 'களத்தூர் கண்ணம்மா'வில் வந்த கமல், வாலிப வயதில் டான்ஸ் மாஸ்டர் தங்கப்பனிடம் உதவியாளராக இருந்தார். (அவர் கமல், சரி. ஆனால் வேலை கற்றுக்கொள்ள யாரும் தடுக்கவில்லையே.) நான் கும்பலில் கத்தும் குரலாக டப்பிங் தியேட்டருக்குள் போனேன்.

கடைசியாகப் பணம். 2017இல் வந்த மத்திய அரசு விதிப்படி, குழந்தை நடிகரின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அந்தக் குழந்தை பெயரில் ஃபிக்ஸட் டெபாசிட் போட வேண்டும். 18 வயதானதும் அது உங்கள் கைக்கு வர வேண்டிய பணம். அதற்குப் பிறகு நடித்தவர்கள், எந்த வங்கி, எந்தக் கிளை என்று அப்பா அம்மாவிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். சண்டையாக வேண்டாம், சாப்பிடும்போது கேளுங்கள்.

எனக்கு அந்த விதி வருவதற்கு முன்பே மீசை முளைத்துவிட்டது. அப்பாவின் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தில் 'பாக்கி 14 நாள்' என்று இருக்கிறது. அந்தச் சம்பளத்தைப் பாக்கி வைத்த சீரியல் கம்பெனி இருந்த மாடியில் இப்போது ஜிம் நடக்கிறது.